கோமாரிக்குச் சானிடைசர் போட்ட கதை

கொரோனா ஓய்ந்த சமயம். முசரவாக்கத்தில் மாடுகளுக்குக் கோமாரி நோய் என்று போன் வந்ததும் பைக்கை எடுத்தேன். கால்நடை ஆய்வாளராக எத்தனையோ கோமாரி பார்த்தவன் என்ற மிதப்பு எனக்கு. நோய் கண்ட மாட்டின் வாய்ப்புண்ணைக் கழுவிவிட்டேன். கை நிறையச் சானிடைசர் தேய்த்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் செல்வியின் கொட்டகைக்கு நடந்தேன். அவருக்கு இருப்பது ஒரே பசு, அதுவும் நிறைசினை.

"சார், அங்கயே நில்லுங்க!"

கத்தியது எனக்குப் பின்னாலேயே வந்திருந்த கால்நடை டாக்டரம்மா. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"கை சுத்தமாத்தாம்மா இருக்குது. சானிடைசர் போட்டுட்டேன்."

"அது கொரோனாவுக்கு சார்! அந்த வைரஸுக்கு மேல கொழுப்பு உறை இருக்குது, ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும். கோமாரி வைரஸ் பிகோர்னா குடும்பம், உறையே கிடையாது. நீங்களே நோயை உள்ள கொண்டுபோய் வுட்டிருப்பீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொல்லச் சொல்ல ஆர்வம் தாங்கவில்லை. பிகோ என்றால் மிகச் சிறியது, அதோடு ஆர்.என்.ஏ. சேர்ந்தால் பிகோர்னா. போலியோ, சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோ எல்லாம் கோமாரிக்குப் பங்காளிகளாம்!

"போலியோ எண்டிரோங்கிற ஜீனஸ், அதாவது குடும்பத்துல ஒரு கிளை, வயித்து அமிலத்துலயே பொழைக்கும். கோமாரி ஆப்தோ ஜீனஸ். அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. லிட்டருக்கு நாப்பது கிராம் சலவை சோடா போட்டா காலி."

சர்வீஸ் முழுக்கச் சோடா தெளித்தவன் நான். ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் சோடா தீர்ந்திருந்தது.

செல்வி சிரித்தார். "இதுக்கா சார்? எங்க வூட்டுக்காரரு பட்டு நூலச் சோடாவுல வேகவெச்சுப் பசை எடுக்குறாரு. சோடா மூட்டையே இருக்குதே!"

கொட்டகை வாசல், வாளி, செருப்பு எல்லாவற்றையும் சோடாத் தண்ணீரில் நனைத்தோம். நான் உள்ளே போகவே இல்லை.

நான்காம் நாள் காலை செல்வியிடமிருந்து வீடியோ கால். கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"வரட்டுமாம்மா?"

"வேணாம் சார்! நோய் மாட்டுங்களத் தொட்டுக்கினு இருக்கீங்க. அங்க இருந்துக்கினே சொல்லுங்க."

"மாடு முக்கும்போது மட்டும் கீழ்ப்பக்கமா இழும்மா... இழு!"

கன்று விழுந்தது, தும்மியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே நான் குதித்தேன். இரண்டு வாரம் கடந்தும் தாய்க்கும் கன்றுக்கும் ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, வைரஸ் எந்தக் குடும்பம் என்று கேட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். எத்தனையோ கன்றுகளை என் கையால் இழுத்துப் போட்டிருக்கிறேன். நான் கிட்டப் போகாததால் பிழைத்த கன்று அது ஒன்றுதான்.