பாதி வண்டிக்காரன் ஜெயபால்

செய்தி வந்தபோது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மேசைமேல் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. வெளியே வந்து எடுத்தால், எங்கள் கம்பெனியின் போக்குவரத்துப் பிரிவிலிருந்து ஒருவர். "சார், நம்ம ஜெயபால் இறந்துட்டாரு சார்" என்றார். எந்த ஜெயபால் என்று கேட்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் கட்டடத்தில் வேறு ஜெயபாலே கிடையாது. இருந்தும் அப்படித்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு அழைத்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "வண்டியிலயா?" சிலர் கேட்கக்கூட இல்லை. "நான் அப்பவே சொன்னேன், அந்த வண்டி ஒரு நாள்..." என்று நேராக ஆரம்பித்துவிட்டார்கள். அவனைத் தெரிந்த உங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடுகிறேன், இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். பைக்கில் இல்லை. ஆபீஸ் கேப்பில், பின் சீட்டில், ஜன்னலோரம். சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது தலையைச் சாய்த்திருக்கிறான். தூங்குகிறார் என்று நினைத்து டிரைவர் பாட்டின் சத்தத்தைக் குறைத்திருக்கிறார். ஆபீஸ் வாசலில் தோளைத் தட்டியபோதுதான் தெரிந்திருக்கிறது. மாரடைப்பு. அந்த நேரத்தில் எங்கள் பைக் என் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில், உறை போட்டு, சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. ஏனென்றால் அது என் வாரம்.

வாரக் கணக்கு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் திண்டுக்கல்லிலிருந்து இங்கே பெங்களூருக்கு வேலைக்கு வந்தவன். ஜெயபால் இதே ஊர் நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பான், திட்டுவதற்கென்று உருதுவைத் தனியாக வைத்திருந்தான். கேப்களுக்கு ரூட் போடுகிற மேசையில் இருந்தான். ஒரு நாள் என் கேப் வரவேயில்லை என்று சண்டை போடப் போனேன். நான் கத்திக்கொண்டே இருக்கிறேன், அவன் கம்ப்யூட்டர் திரையில் ஒரு பழைய ஜப்பான் பைக்கின் படம். ஆயிரம் சிசி, நான்கு சிலிண்டர், வெள்ளையும் நீலமும். கல்லூரிக் காலத்தில் நான் விடுதிச் சுவரில் ஒட்டி வைத்திருந்த அதே மாடல். கத்தலை நிறுத்திவிட்டு, "இது இன்னும் எங்கயாவது ஓடுதா?" என்று கேட்டேன். "ஆஸ்டின் டவுன்ல ஒருத்தர் வெச்சிருக்காரு குரு. ஓடல. ஓட வெச்சுடலாம்" என்றான். பெங்களூர்ப் பழக்கத்தில் யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். தார்ப்பாய்க்குக் கீழே, ஒரு பழைய கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், டயர் இரண்டும் தரையோடு ஒட்டிப்போய் நின்றது. ஜெயபால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு என்னைப் பார்த்து, "இது ஒருத்தன் ஆசைக்கு ரொம்பப் பெருசு குரு. ரெண்டு பேருக்குன்னா சரியா இருக்கும்" என்றான். அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன்.

சேர்ந்து வாங்கினோம். ஆர்.சி. அவன் பெயரில். ஒரு வாரம் நீலசந்திராவில் அவன் வீடு, ஒரு வாரம் எலெக்ட்ரானிக் சிட்டியில் என் வீடு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பொம்மனஹள்ளியில், நின்றபடியே சாப்பிடும் ஒரு தர்ஷினி ஓட்டலில் சாவி கைமாறும். டேங்க் நிறைந்திருக்க வேண்டும், செயினுக்கு எண்ணெய் போட்டிருக்க வேண்டும். நண்பர்கள் சிரித்தார்கள். "ரெண்டு பொண்டாட்டிக்காரன் கேள்விப்பட்டிருக்கோம், இது என்னடா?" என்று கேட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த வண்டியோடு பெங்களூரில் குடித்தனம் நடத்துவது லேசான காரியமில்லை. குளிர் காலத்தில் சோக் இழுத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் எழுப்ப வேண்டும். குனிந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். சிக்னலில் நின்றால் தொடை வெந்துபோகும். ஒரு உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வர மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆனால் ஓசூர் தாண்டி, காலைக் காற்றில், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் அதன் குரல் மாறும் பாருங்கள், அப்போது வேலை, வீடு, வயது எல்லாம் பின்னால் எங்கேயோ விழுந்துவிடும். அதை எழுதித் தெரியவைக்க எனக்கு வராது. ஒரு முறை மடிவாளா சிக்னலில் போக்குவரத்துப் போலீஸ்காரர் எங்களை ஓரங்கட்டினார். அவர் வண்டியைச் சுற்றி வந்து, முகத்தை வெகு சீரியஸாக வைத்துக்கொண்டு, "எஷ்டு கொடத்தே?" என்றார். எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று கேட்கிறார். ஜெயபால் கன்னடத்தில் பதில் சொன்னான், "குடுக்காது சார், வாங்கத்தான் தெரியும்." போலீஸ்காரர் வாய்விட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்.

இப்போது அவன் போட்ட விதியைச் சொல்ல வேண்டும். வாங்கிய புதிதில் ஒரு வாரம் அவனிடமிருந்து வண்டியை எடுத்துப் போனேன். சந்தாபுராவுக்கு அருகே ஒரு லாரி திடீரென்று நின்றது. முன் பிரேக்கைப் பிடித்தால், லீவர் வெண்ணெய் மாதிரி கைப்பிடி வரைக்கும் வந்துவிட்டது. லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் மிச்சம். போனில் சொன்னேன். சிறிது நேரத்தில் ஆட்டோ பிடித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகமே சரியில்லை. "லீவர் கொஞ்சம் உள்ள போற மாதிரி எனக்குத் தோணுச்சு மச்சா. ஒரு தடவ பயந்தேன். அசிங்கமா இருந்துச்சு, சொல்லல" என்று சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் தானே பளார் என்று அறைந்துகொண்டான். என் மனைவி பயந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு வைத்ததுதான் விதி. சாவி கொடுப்பவன் அந்த வாரம் எங்கே பயந்தான் என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "பயந்தத மறச்சா அடுத்தவன் சாவான்" என்பான்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காபிக்கு முன்னால் அதுதான் பேச்சு. அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி, "ஹேளு குரு, சொல்லு, எங்க பயந்தே?" என்பான். ஹெப்பகோடியில் குறுக்கே பாய்ந்த நாய், மழையில் வழுக்கிய வெள்ளைக் கோடு, வளைவில் லேசாக ஆடிய ஹேண்டில்பார். சில சமயம் அந்தப் பேச்சிலிருந்தே தேய்ந்த பேரிங்கைக் கண்டுபிடித்திருக்கிறோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆண்கள், இட்லிக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தின் நடுவே, நான் இங்கே பயந்தேன், நான் அங்கே பயந்தேன் என்று பேசிக்கொள்வதை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? வீட்டில் சொல்ல முடியாத பயங்களும் மெல்ல அதற்குள் வந்து சேர்ந்தன. என் வேலை போய்விடுமோ என்ற பயத்தை அவனிடம்தான் முதலில் சொன்னேன். மகளின் கல்லூரிப் படிப்பு பற்றி அவன் என்னிடம் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டம்ளரை வைத்துவிட்டு, "நேத்து ரொம்ப வேகமா போனேன் மச்சா. பயமே வரல. அதுக்குத்தான் பயந்தேன்" என்றான்.

அடக்கத்தன்று நீலசந்திராவில் அவன் வீட்டுச் சந்தில் தமட்டை மேளம் அதிர்ந்தது. அவன் அண்ணன் ரவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த சனியன முதல்ல வித்துடலாம் சார். அது வந்ததுலேர்ந்துதான் அவன் ஒடம்ப பாக்கல" என்றார். ஆர்.சி. ஜெயபால் பெயரில். அவர்கள் விற்றால் விற்றதுதான். எனக்கு அவனிடமிருந்து மிஞ்சியிருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் போய்விடுமே என்று அடுத்த மூன்று நான்கு நாட்கள் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போவதும், உறையை எடுத்துப் பார்ப்பதும், மறுபடி போட்டுவிட்டு மேலே வருவதுமாக இருந்தேன். "சாப்பிடறீங்களா, இல்ல கீழயே குடி போறீங்களா?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள்.

ஞாயிறு வந்தது. அவன் வாரம் ஆரம்பம். டேங்க்கை நிரப்பி, செயினுக்கு எண்ணெய் போட்டு, பொம்மனஹள்ளி ஓட்டல் வரைக்கும் போய்விட்டேன். கல்லாவில் இருந்தவர் கேட்காமலே இரண்டு காபிக்கு டோக்கன் போட்டார். ஒன்றை மட்டும் குடித்துவிட்டு நேராக நீலசந்திராவுக்கு ஓட்டினேன்.

வசந்தா கதவைத் திறந்தாள். கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவள். ஜெயபாலுக்கு மனைவியாகி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டவள். வண்டிச் சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். உள்ளே ரவியும் இருந்தார். "வாங்கண்ணா" என்றவள், நான் உட்காருவதற்குள், "ஒண்ணு சொல்லணும்ணா" என்றாள்.

"அவர்கிட்ட கடைசியா வண்டி இருந்துச்சே, அந்த வாரம். உங்ககிட்ட குடுக்கறதுக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரி ரோட்டுல நெஞ்ச புடிச்சிக்கிட்டு ஓரமா நிறுத்திட்டாராம். ரொம்ப நேரம் கீழ உக்காந்துட்டு வந்திருக்காரு. சட்டையெல்லாம் நனஞ்சிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். வெறும் கேஸ் ட்ரபிளுன்னுட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு பொண்ணு மேல சத்தியம் வாங்கிட்டாரு. 'அவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் எனக்கு வண்டியே தர மாட்டான்'னாரு."

அதற்கு அடுத்த நாள் காலை, சாவி கைமாறும்போது, அவனை நான் கேட்டேன். வழக்கம்போலக் கேட்டேன், எங்கே பயந்தே என்று. "அத்திபெலே தாண்டி ஒரு எருமை, மச்சா. அவ்ளோதான்" என்றான். அந்த எருமையைப் பற்றிப் பேசி இரண்டு பேரும் சிரித்தோம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

என்னால் தாங்க முடியவில்லை. மாலை போட்ட அவன் படத்தைப் பார்த்து, "அயோக்கியப் பயலே, நீதானேடா விதி போட்டே!" என்று கத்திவிட்டேன். விளக்குக்குப் பக்கத்தில் சாவியை விட்டெறிந்தேன். "இந்தாங்க ரவி, வித்துத் தொலைங்க. எனக்கு இந்த வண்டியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்." ரவி சாவியை எடுக்கக் குனிந்தார்.

வசந்தா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "கோவம் யாரு மேலண்ணா? அவரு மேலயா, எம்மேலயா?"

எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளும் சொல்லவில்லை. அவன் இறந்த நிமிடத்திலிருந்து இந்தக் கேள்வியோடுதான் அவள் சோறு வடித்திருக்கிறாள், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறாள்.

"அவன் மேலதாம்மா. அவன் மேல மட்டும்தான்."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அப்போதுதான் அழுதாள். அடக்கத்தன்றுகூட அழவில்லை என்று பிறகு ரவி சொன்னார். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "இப்பத்திக்கு விக்க வேணாம் மாமா" என்று அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். என்னிடம், "இது அவரு வாரம். வண்டி வாசல்லயே நிக்கட்டும். அப்புறம் என்ன பண்றதுன்னு நானே சொல்றேன்" என்றாள். நான் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். இதையெல்லாம் எழுதட்டுமா என்று போனில் கேட்டபோது, "எழுதுங்கண்ணா. எல்லாரும் வண்டி வண்டின்னு என் உயிர எடுக்கறாங்க" என்றாள்.

வண்டியை அவள் வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். விற்கச் சொன்னால் நானே ஆள் பார்த்துக் கொடுப்பேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். நீலசந்திரா பக்கம் போனால் வசந்தாவைப் பாருங்கள், காபி கொடுப்பாள், குடியுங்கள். "முன்னாடியே ஒண்ணும் தெரியலையாம்மா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவன்மேல் உங்களுக்கும் ஆத்திரமாக இருந்தால் என்னிடம் வந்து திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஜெயபாலிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தக் கோபத்தைத்தான். வண்டியில் எனக்குப் பாதி. கோபம் முழுசும் எனக்கே. வசந்தாவுக்கு இதில் பங்கு கிடையாது.