ஸ்ட்ரட் பாரும் இடது இருக்கையும்

என் காரில் அப்பா ஏறினால் பின் இருக்கைதான். "துணி முன்னால கெடக்கட்டும், எனக்குப் பின்னால போதும்" என்பார். புதியம்புத்தூரில் நைட்டியும் சுடிதாரும் எடுத்து வந்து கோவில்பட்டியில் விற்பது என் பிழைப்பு. அதனால் முன்னால் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும். கார் அண்ணன் ஓட்டியது. கோயம்புத்தூரில் புது வண்டி எடுத்தபோது எனக்குத் தந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவை நாகலாபுரத்துக்கு, எங்கள் உளுந்துக் காட்டுக்குக் கூட்டிப்போவேன். கரிசல் மண் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குவதால் அந்த ரோடு அலையலையாகக் கிடக்கும். வளைவில் வண்டி இடது பக்கமாகச் சாயும். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடி" என்பார். ஒரு ஞாயிறு, "நான் வரல, நீயே பாத்துட்டு வா" என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து காலைச் சாய்த்து நடக்கிற மனுஷர். அவருக்கு இருக்கிற ஒரே போக்கிடம் அந்தக் காடு. அதையும் இந்தக் கார் கெடுப்பதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டயர் மாற்றினேன். ஷாக் அப்சார்பர் மாற்றினேன். சாய்வு குறைந்தபாடில்லை. ஸ்ட்ரட் பார் போட்டால் வண்டியின் முன்பக்கம் இறுகும் என்று போனில் பார்த்தேன். பானட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் ஷாக் அப்சார்பரின் தலை தெரியுமே, அவை இரண்டையும் குறுக்கே பிணைக்கிற கம்பிதான் அது. அலுமினியத்தில் மினுக்கிக்கொண்டு ஒன்று. நடுவில் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒன்று. ஒரே துண்டு இரும்பில் ஒன்று. கல்யாணச் சேலை எடுப்பதுபோல நாட்கணக்கில் புரட்டிவிட்டு, மூட்டு இல்லாவிட்டால் அசைவும் இருக்காது என்று இரும்பையே வாங்கினேன்.

மெக்கானிக் பாய் அதை மாட்டிப் பார்த்தார். வலது பக்கம் போல்ட்டுகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது பக்கம் ஓட்டை சேரவில்லை.

"வேற வண்டிக்குள்ளத அனுப்பிட்டானோ பாய்?"

அவர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "கம்பி சரிதாம்மா. வண்டி இடது பக்கம் பலமா அடி வாங்கிருக்கு. தட்டி நிமித்தி பெயின்ட் அடிச்சிருக்காவ. தெரியாதா?"

தெரியாது. ஒரு கீறல் இல்லாத வண்டி என்றுதான் அண்ணன் தந்தான்.

"திருகுற கம்பி வாங்கினா இந்தக் கோணலுக்கே மாட்டிரலாம். ஆனா சாயுறது சாயத்தான் செய்யும்."

அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டேன். வண்டி எங்கே அடிபட்டது என்று கேட்டதும் சொல்லிவிட்டான்.

"மாடு குறுக்க வந்துட்டு. புளியமரத்துல விட்டுட்டேன். அப்பா முன்னால இருந்தாவ. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவியதான் சொல்லிட்டாவ."

குளியலறையும் இல்லை, வழுக்கலும் இல்லை. கோபம் அண்ணன் மேலா அப்பா மேலா என்று எனக்கே பிடிபடவில்லை. திருகுகிற கம்பி வேண்டாம் என்று பாயிடம் சொல்லிவிட்டேன். டிங்கரிங் பட்டறையில் சங்கிலி போட்டு இழுத்து நேராக்கிய பிறகு, வாங்கிய இரும்பே பொருந்தியது. வளைவில் வண்டி சாயவில்லை. அப்பா மறுபடியும் வரத் தொடங்கினார், பின்னால்தான். நான் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு அண்ணன் வந்தான். காட்டுக்குப் போக அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பாவுக்காகப் பின்கதவைத் திறந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் முன்னால் இடது பக்கம் ஏறிக்கொண்டார்.

"பின்னால இருங்களேம்ப்பா" என்றது அண்ணன்தான்.

"ஏன், இங்கன இருந்தா என்னல? வண்டிய எடு."

நான் அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வளைவு வந்தது. உளுந்து பறிக்க ஆள் கிடைக்காத கதையை அப்பா அவனிடம் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் சும்மா கிடந்தது. அண்ணன் கண்ணுக்குப் படாத இடது கை, கதவுப் பிடியை நரம்பு புடைக்கப் பிடித்திருந்தது.