லைட்டைப் போட்டுப் பார்த்தவர்

லைட்டுக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி. இருபத்தெட்டு வருடமாகப் பழைய மோட்டார் சைக்கிள்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறார். புது வண்டிகள் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டார். அதற்குக் காய்ச்சல் வந்தால் வேறு டாக்டரைப் பார் என்று அனுப்பிவிடுவார். நாலாவது உதைக்குத்தான் கண் விழிக்கும் கிழட்டு வண்டிகள்தான் அவருக்குச் சொந்தபந்தம்.

வேலை முடிந்ததும் அவர் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. வண்டியைக் கடைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரை முறுக்குவார். சுவரில் விழும் வட்டம் மங்காமல், துடிக்காமல் நின்றால் "பாஸ்" என்பார். பேட்டரியில் மீட்டர் வைப்பதும் அந்த நேரத்தில்தான். முள் பதினாலு வோல்ட்டில் நின்றால் சாவியைக் கொடுத்துவிடுவார். லைட்டை அணைத்துவிட்டு ஒரு தடவை முறுக்கிப் பார்க்கலாமே என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. பழைய வண்டிக்காரர்களின் புலம்பலெல்லாம் லைட் மங்குகிறது என்பதுதான். லைட் எரிந்தால் அவர்களும் சந்தோஷமாகப் போனார்கள், இவரும் சந்தோஷமாக அனுப்பினார். நல்ல சாமான் கிடைத்தவரை அதில் ஒரு குறையும் வந்ததில்லை.

இன்ஜின் வேகம் ஏற ஏற அதிலிருந்து வரும் கரண்டும் ஏறிக்கொண்டே போகும். அதை அடக்கி, பேட்டரிக்கு வேண்டிய அளவு மட்டும் அனுப்புவது ரெகுலேட்டர். உள்ளங்கை அகல அலுமினியக் கட்டிதான், ஆனால் மொத்த வண்டியும் அதை நம்பித்தான் ஓடுகிறது. பழைய வண்டிகளுக்கு ஒரிஜினல் ரெகுலேட்டர் செய்வதைக் கம்பெனி என்றைக்கோ நிறுத்திவிட்டது. வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் எட்டு வந்திருப்பதாகச் சொன்னார்கள். அதே நிறத்தில் அட்டைப்பெட்டி, அதே முத்திரை. ஒரிஜினலா என்று கேட்டதற்கு, "அதேதான்" என்றார் கடைக்காரர். லைட்டுக்காரர் எட்டையும் வாங்கி வந்தார். ஒவ்வொன்றாக அட்டையைக் கிழித்தார், சாமானை எடுத்து மாட்டினார், சுவரில் லைட் அடித்துப் பார்த்தார். ஏழு வண்டிக்குப் போட்டதில் ஏழும் பாஸ், ஒன்று பிரிக்காமல் மிஞ்சியது.

அந்த ஏழில் ஒன்று தங்கச்சி புருஷனுடைய வண்டி. அவர் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பவர். விசிட்டிங் கார்டு முதல் பாடப்புத்தகம் வரை அவர் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். ஹோட்டலுக்கு அழைத்துப்போனால் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும், மனுஷன் விலைப்பட்டியலில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருப்பார். பிழையைக் கண்டால் கல்லைக் கடித்ததுபோல முகம் சுளிப்பார்.

ரெகுலேட்டர் மாட்டி இரண்டு மாதம் இருக்கும். வேலை விட்டு வரும்போது, பொழுது இருட்டிய நேரம், ஒரு திருப்பத்தில் நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினார். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது. என்ன ஆச்சு என்று யார் கேட்டாலும், ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பகல் கனவு கண்டுகொண்டே ஓட்டியிருப்பார் என்று தங்கச்சி ஆற்றாமையில் திட்டினாள். அதற்கும் அவர் மறுத்துப் பேசவில்லை.

நொறுங்கிய வண்டி ஒரு வாரம் கழித்து லைட்டுக்காரர் கடைக்கு வந்தது. பக்கத்து மூடியைக் கழற்றியதும் ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. பேட்டரி வயிறு உப்பியிருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பல்பின் கண்ணாடி உள்பக்கம் கரி பிடித்திருந்தது. அந்த ரெகுலேட்டரைக் கழற்றிக் கடையில் நின்ற வேறு வண்டியில் மாட்டினார். லைட்டைப் போட்டு முறுக்கினார். பதினாலு. பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, லைட்டை அணைத்துவிட்டு முறுக்கினார். முள் பதினெட்டுக்குப் போய் நின்றது. மறுபடி லைட்டைப் போட்டார். நல்ல பிள்ளை மாதிரிப் பதினாலுக்கு இறங்கியது.

அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடங்காத கரண்டை லைட் தின்றுகொண்டிருந்த வரையில் முள் ஒழுங்காக நின்றிருக்கிறது. பகலில், லைட் இல்லாமல் ஓடும்போதெல்லாம் அது பேட்டரியைக் கொதிக்கவைத்திருக்கிறது. அவர் நம்பிய அந்த லைட்தான் குற்றத்தை மறைத்து நின்றிருக்கிறது.

அன்றைக்கே தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மீதி ஆறு வண்டிகள் ரோட்டில் ஓடுகின்றன, முதலில் அவற்றைப் பிடிக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை. ஆஸ்பத்திரி வாட்ச்மேன், பால்காரர், இரண்டு டியூஷன் வாத்தியார்கள், ஒரு தையல்காரர், ஒரு பெயிண்டர் என்று தேடித்தேடிப் போய் அந்தச் சாமானைக் கழற்றினார். பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் பொறுக்கிய ஒரிஜினலை மாட்டினார். ஒவ்வொருவரிடமும் தன் தப்பைச் சொன்னார். வெளியாளிடம் சொல்வது அவருக்குக் கஷ்டமாகவே இல்லை. பத்தாவது நாள் ஆறாவது வண்டியும் முடிந்தது. அதோடு சாக்கும் முடிந்தது.

மிஞ்சியிருந்த எட்டாவது ரெகுலேட்டரைப் பிரிக்காத அட்டைப்பெட்டியோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுநாள் காலையில் போனார். தங்கச்சி கதவைத் திறந்தாள். மாப்பிள்ளை கட்டிலில், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக மேஜையில் மலைபோலக் கிடக்கும் ப்ரூஃப் தாள்கள் எதையும் காணோம். துடைத்து வைத்ததுபோல இருந்தது மேஜை.

லைட்டுக்காரர் உட்காரவில்லை. "மாப்பிள்ளை, அன்னிக்கு உங்க மேல தப்பில்ல. நான் போட்ட சாமான்தான் தப்பு," என்று ஆரம்பித்து, பதினாலையும் பதினெட்டையும் சொன்னார். பேட்டரி வற்றியதும் அன்றைக்கு மொத்தக் கரண்டும் பல்பில் ஏறியிருக்கும் என்றார். "பியூஸ் ஆகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வெள்ளையா எரிஞ்சிருக்கும். அப்புறம் கும்மிருட்டாயிருக்கும்."

மாப்பிள்ளை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆமா. ரோடே வெள்ளையாச்சு. அப்புறம் ஒண்ணுமே தெரியல," என்றார். "அப்போ என் கண்ணு போகலையா, மச்சான்?"

பிறகுதான் அவர் வாயிலிருந்து அது வந்தது. அவருடைய அப்பாவுக்கு ஐம்பத்து நாலு வயதில் ஒரு நாள் திடீரென்று எல்லாம் வெள்ளையாகி, இருண்டு, பிறகு பார்வை திரும்பி வந்தது. இரண்டாவது தடவை போன பார்வை வரவே இல்லை. இவருக்கு இப்போது ஐம்பத்து மூன்று. முறை வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கண் டாக்டரிடம் போனால் அவர் வாயால் அதைச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. கட்டிலிலிருந்து கதவுக்கு எத்தனை எட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு, வாக்கரை ஊன்றி ஊன்றிப் பழகியிருக்கிறார். கால் வலியில்தான் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறார் என்று தங்கச்சி நினைத்திருக்கிறாள்.

 லைட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்த பெட்டியை எடுத்து, இதுதான் என்று நீட்டினார். மாப்பிள்ளை வாங்கினார். பழக்க தோஷம், கையை நீட்டிப் பிடித்துப் பொடி எழுத்துகளையெல்லாம் மேலிருந்து கீழாகப் படித்தார். எங்கேயும் தடுமாறவில்லை. முகம் சுளித்தது.

"கம்பெனி பேர்ல ஒரு எழுத்து குறையுது, மச்சான்," என்றார்.

லைட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. ஏழு பெட்டியைக் கிழித்தவருக்கு அது ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை. மாப்பிள்ளை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. லைட்டுக்காரருக்கும் கண் கலங்கியது. பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

தங்கச்சி மட்டும் சுவரில் சாய்ந்தபடி நின்றிருந்தாள்.

"உனக்கு எப்போ தெரியும்ணா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நேற்று என்று சொன்னால் கேட்பார் யார்?

"பதினோரு நாளாச்சும்மா."

அவள் துடைத்து வைத்த மேஜையைப் பார்த்தாள். கால் ஆற நாளாகும், இனிமேல் முடியாது என்று புருஷன் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்ததையும், அச்சகக்காரர் வருத்தப்பட்டதையும், மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிட்டதையும் சொன்னாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"நாலு நாள் முன்னாடிதாண்ணா லெட்டரைக் கொண்டுபோய்க் குடுத்தேன். என் கையாலயே குடுத்தேன்."