மைக் மாறிய வரவேற்பு

எழுபதுகளில் தருமபுரியில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கோரஸ் பாடிக்கொண்டிருந்தேன். முன்னால் நிற்கும் பாடகருக்குத் தனி மைக். பின்னால் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று. அவர் பாட்டைப் பாடுவார். நாங்கள் அதற்குக் கீழே வேறொரு மெட்டில் ஹம்மிங் கொடுப்போம். கைதட்டல் அவருக்கு. பந்தியில் எங்களைப் பெட்டி தூக்க வந்தவர்கள் என்றே நினைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாரண்டஹள்ளியில் ஒரு கல்யாண வரவேற்பு. மைக் செட்காரர் அவசரத்தில் ஒயர்களை மாற்றிச் செருகிவிட்டார். ஊரைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் எங்கள் ஹம்மிங்தான் ஓங்கி ஒலித்ததாம். பாடகரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்ததாம். மேடையிலிருந்த எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. கச்சேரி முடிந்து விஷயம் தெரிந்ததும் பாடகர் அந்த மனிதரை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

மறுநாள் காலை, வழியில் பாலக்கோட்டிலிருந்த அக்கா வீட்டுக்குப் போக, மாரண்டஹள்ளியிலேயே தருமபுரி பஸ்ஸில் ஏறினேன். தக்காளிக் கூடையோடு முன் சீட்டில் இருந்த பெண் ஏதோ முனகிக்கொண்டு வந்தார். காது கொடுத்துக் கேட்டேன். நான் பாடிய கோரஸ், ஒரு இடம்கூடப் பிசகாமல்.

“அது பாட்டு இல்லீங்க. பாட்டுக்குப் பின்னால பாடறது,” என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “நேத்து எங்க வூட்டு வாசல்ல ஒக்காந்து பூராவும் கேட்டனுங்க. இதாங்க பாட்டு. நடுவுல எவனோ ஒருத்தன் கத்திக்கிட்டே கெடந்தான்.”

பாலக்கோடு வந்தது. அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் இறங்கவில்லை.