அணைப் படகுக்கு ரப்பர் மாத்துன அன்னிக்கு

அதுக்காவ அந்தப் புது மிக்சியத் தூக்கிப் பரண்ல போட்டுட்டாளாம் கண்ணு, உங்க எதிர்வூட்டு மருமவ. ஓட்டுனா மேடை பூரா நடக்குதாம், பேய் புடிச்சிருக்குதாம்! பேயுமில்ல பிசாசுமில்ல, அடியில ரப்பரு போயிருக்கும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, இது மட்டும் தெரியும். எப்டின்னு கேளு. ஒக்காரு, இந்த அவரைக்காய நீயும் உரி.

கிருஷ்ணகிரி அணையில மொதமொத தண்ணி நின்ன சமயம். நான் கண்ணாலம் ஆயி வந்த புதுசு. கணுக்கால் நனைய ஆத்தைத் தாண்டுனவங்க நாங்க. அங்க போயி பார்த்தா கடலு மாதிரி கெடக்குது. கடலை நான் எங்க பார்த்தேன், சொல்றதுதான். அந்தத் தண்ணியில ஒரு மோட்டார் படகு வெச்சிருந்தாங்க. கெளப்புனா குளிர்சுரம் வந்த மாதிரி வெடவெடன்னு ஆடும். ஏறி எறங்குனவங்க நேரா நிக்க மாட்டாங்க.

பெங்களூருலருந்து ஒரு மேஸ்திரி வந்தாரு, கன்னடக்காரரு. இஞ்சின் காலுங்களுக்கு அடியில ரப்பர் கட்டை இருக்குது, அது எண்ணெ குடிச்சி நைஞ்சி போச்சு, இஞ்சினத் தூக்குனாத்தான் மாத்த முடியும்னாரு. எப்டித் தூக்கறது? எங்க வூட்டுக்காரரு கெணத்துல மாடு கட்டித் தண்ணி எறைக்கற கவலை ஓட்டறவரு. "தோல்சாலு நெறையத் தண்ணிய இழுக்கற மாடு, இத இழுக்காதா?"ன்னுட்டாரு.

படகைக் கரையோரமாக் கட்டி, மூணு பனைமரத்தை முக்காலியாட்டம் அதுக்கு மேல நிறுத்தி, கவலை உருளையக் கட்டி, வடத்தோட ஒரு நுனி இஞ்சின்ல, இன்னொரு நுனி நுகத்தடியில. மாடு நடக்க நடக்க அது எழும்புச்சு பாரு! எண்ணெ சொட்டச் சொட்ட அந்தரத்துல நின்னுச்சு. நான் கன்னத்துல போட்டுக்கினேன். பழைய ரப்பர மேஸ்திரி தொட்டாரு, அதிரசமாட்டம் உதுந்துச்சு.

புதுச வெக்கிறப்ப இஞ்சின ஆடாம புடிக்க ஆளு வேணும்னு எங்க வூட்டுக்காரரக் கூப்ட்டாரு. வடத்தை மரத்துல கட்டவும் முடியாது. "ஸ்வல்ப மேலே, ஸ்வல்ப கெளகே"ன்னு மேஸ்திரி கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி எறக்கச் சொல்லிக்கினே இருந்தாரு. அதனால எங்க வூட்டுக்காரரு மாட்டுக் கயித்தை எங்கிட்டக் குடுத்துட்டாரு.

"நானா? முட்டுனா?"

"உன்னவிட அதுங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. நில்லு."

ரெண்டு பேரு கையும் இஞ்சினுக்கு அடியில. அந்த நேரம் பார்த்து படகோட்டி, படகுக்குள்ள நின்ன தண்ணிய டின்னுல மொண்டு கொடகொடன்னு வெளிய ஊத்துனான். கவலை மாட்டுக்கு அது போதும் கண்ணு. சாலு கவுந்து தண்ணி கொட்டுற சத்தம் கேட்டா, யாரும் சொல்லாமலே பின்னால நடக்கும். பழக்கம் அப்டி. ரெண்டும் காலைப் பின்னால வெச்சிச்சி. இஞ்சின் எறங்குச்சு!

எனக்கு உசுரு இல்ல. கஞ்சி கொண்டு போறப்ப அவரு மாட்டை ஓட்டறதக் கேட்டிருக்கேன், அவ்ளோதான். "ஓ… நட ராசா, நட!"ன்னு கத்துனேன். ஆம்பளக் கொரலு மாதிரி வந்துச்சு. கயித்த நான் இழுக்கவேயில்ல. ரெண்டும் நின்னு, மூச்ச வுட்டு, முன்னால சாஞ்சிச்சுங்க. இஞ்சின் மேல ஏறுச்சு.

மேஸ்திரி கைய உருவிக்கினு "தாயி!"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு படகோட்டிய ஏசுன ஏச்சை இப்ப சொல்ல மாட்டேன். ஆனா ரப்பரு நாலும் ஒக்காந்ததும் அதே ஆளைக் கூப்ட்டு, "இப்ப ஊத்துடா, கொஞ்சங் கொஞ்சமா"ன்னாரு.

அவன் ஊத்த ஊத்த மாடு அடிமேல அடி வெச்சிப் பின்னால வந்துச்சு. அவ்ளோ பெரிய இரும்பு, கோழி முட்டை மேல ஒக்கார்ற மாதிரி ஒக்காந்துச்சு கண்ணு! மேஸ்திரியே வாயப் பொளந்துக்கினு பார்த்தாரு. கெளப்புனாங்க. சத்தம் இருக்குது, ஆட்டம் இல்ல. எல்லாரும் படகப் பார்த்தாங்க. நான் அவரு கையத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எல்லா வெரலும் இருந்துச்சு. "என்ன, எண்ணிப் பாக்கறயா?"ன்னு சிரிச்சாரு. நான் வுடவேயில்ல, அத்தனை பேரு எதிர்ல…

அடியாத்தி, கன்னுக்குட்டி அவுத்துக்கினு போச்சு! பாலு பூராக் குடிச்சிரும், அந்த மொறத்தப் புடி, வந்துர்றேன்!