மூன்று கிலோ

என் மனைவி பதினைந்து வருடம் சேலை விற்றவள். செல்லூரில் எங்கள் உறவினர் தறிகளில் நெய்கிற பருத்திச் சேலைகளை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். செவ்வாய்க்கிழமை திருநகர், வெள்ளிக்கிழமை திருமங்கலம். வழக்கமாக வாங்குகிற வீடுகளை "என் வீடுகள்" என்றுதான் சொல்வாள். நான் பத்தாவதோடு நின்றுவிட்டு விசைத்தறி ஷெட்டில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன். தறிச் சத்தத்தில் பேசாமல் பழகிவிட்டேனா, பேச்சு வராததால் அந்த வேலைக்குப் போனேனா என்று எனக்கே தெரியாது.

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்ததும் டாக்டரம்மா, இனிமேல் மூன்று கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஏழெட்டுச் சேலை சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். வீட்டுக்கு வந்து சில நாளில் மூட்டை கட்டுகிற வேட்டியைத் துவைத்து மடித்துப் பரணில் போட்டாள். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும், பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில் வாசலில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருவாள்.

அப்போதுதான் ஷெட் முதலாளியின் அலமாரி மேல் ஒரு பழைய லேப்டாப் தூசியேறிக் கிடப்பதைப் பார்த்தேன். கேட்பதற்கே எனக்கு நான்கு நாள் ஆனது. கேட்டதும் அவர், எடுத்துக்கொண்டு போ, இடமாவது மிச்சம் என்றார்.

மூடியைத் தாங்குகிற கீல் உடைந்திருந்தது. தறிக்குப் போடுகிற பித்தளைத் தகட்டை வெட்டி நானே பிடிமானம் வைத்தேன். உள்ளே என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது. டவுனில் ஒரு மாடிக்கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் கொண்டுபோனேன். என்ன வேலைக்கு என்று கேட்டார். சேலைப் படம் காட்ட என்றேன்.

"படம் மட்டும் பாக்கவாண்ணே? அப்ப புதுசு எதையும் இதுல ஏத்த வேணாம். கெழவன் தலைல மூட்டைய வச்ச மாதிரி ஆயிரும்."

தேவையில்லாததையெல்லாம் அழித்து, இலவசமாகக் கிடைக்கிற லேசான சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். பழைய ராம் சிப் ஒன்றை மட்டும் காசுக்கு வாங்கினேன். பேட்டரி அடியோடு செத்துவிட்டது, புதிது போட்டால் லேப்டாப்பின் மதிப்பைத் தாண்டிவிடும் என்றார். அதை விட்டுவிட்டேன்.

தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். சார்ஜரோடு மூன்றரைக் கிலோ. கடைக்காரர், கிலோ என்ன விலை என்று கேட்டுச் சிரித்தார். வீட்டுக்கு வந்து, சி.டி. போடுகிற பெட்டியைக் கழற்றினேன். சும்மா கனத்துக்கொண்டிருந்த செத்த பேட்டரியையும் கழற்றினேன். பிளக்கில் மாட்டினால் அது இல்லாமலே ஓடியது. மறுபடி தராசில் வைத்தபோது முள் மூன்றைத் தொடவில்லை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கியது.

ஸ்டுடியோ வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரர் கேமராவை இரவல் கொடுத்தார். சேலையை யார் கட்டிக்கொண்டு நிற்பது என்று யோசித்தோம். கடைசியில் அவளே நின்றாள். பதினைந்து நாள், காலை வெயிலில், மொட்டை மாடியில். இரண்டு படத்துக்கு ஒருமுறை தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துகொள்வாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளை அவ்வளவு நேரம் நேராகப் பார்த்தது அப்போதுதான். கேமரா நடுவில் இருந்ததால் வெட்கமாக இல்லை.

முதல் செவ்வாய்க்கிழமை, லேப்டாப்பைத் திறந்து காட்ட நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். திருநகரில் ரிட்டயர்டு டீச்சர் ஒருவரின் வீடு. அவளைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஓரமாக உட்கார்ந்து பிளக்கை மாட்டினேன். படம் வர ஐந்து நிமிடம் ஆனது. மூன்றாவது சேலை காட்டும்போது ஃபேன் நின்றது. திரையும் இருண்டது.

அது மின்வெட்டுக் காலம். ஒவ்வொரு பகுதிக்கும் பகலில் இரண்டு மணி நேரம் முறை வைத்து நிறுத்துவார்கள். எங்கள் செல்லூர் நேரம் எனக்கு மனப்பாடம். திருநகருக்கு எப்போது என்று விசாரிக்கத் தோன்றவே இல்லை. கிராம் கணக்குப் பார்த்தவன், புதுப் பேட்டரி போடாமல் கரண்டை நம்பி வந்திருந்தேன். தலை நிமிர முடியவில்லை. கிளம்பிவிடலாமா என்று அவளிடம் எங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் மெதுவாகக் கேட்டேன். பேசாமல் உட்காருங்கள் என்று அவளும் எங்கள் பாஷையிலேயே சொன்னாள்.

மடியிலிருந்த சின்னப் பையைத் திறந்தாள். உள்ளங்கை அகலத் துணித் துண்டுகள், நூலில் கோத்து, ஒவ்வொன்றிலும் அந்தச் சேலைப் படத்தின் நம்பர் எழுதியிருந்தது. தறியில் நீளவாட்டுப் பாவு நூல் முடிகிற இடத்தில் மிஞ்சுகிற துண்டுகள். எனக்குத் தெரியாமல் சேர்த்திருக்கிறாள். ஒன்றை டீச்சரின் கையில் வைத்தாள்.

"ஏம்மா, இம்புட்டு பெரிய மெஷினத் தூக்கிட்டு வந்து, கடைசில கிழிஞ்ச துணியத்தான் காட்டுறியா?"

"தொடாம யாரு சேலை எடுப்பாங்கக்கா? மெஷினு கண்ணுக்கு, துண்டு கைக்கு."

தொட்டுப் பார்க்காத சேலையை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது நெசவுக்காரர் வீட்டில் பிறந்த எனக்குத் தோன்றவில்லை.

டீச்சர் ஒவ்வொரு துண்டாக விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் ஆபரேஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எனக்குக் காபி வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஃபேன் சுற்றியது. டீச்சர் தேர்ந்தெடுத்த துண்டு பதினான்காம் நம்பர், மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். டீச்சர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"இது நீயா? இளைச்சிட்டியேம்மா" என்றவர், அதிலேயே ஒன்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் சேலையைக் கொண்டுவந்து கொடுப்பது என் வேலை என்று முடிவானது.

பஸ்ஸில் லேப்டாப் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"இது என்னால தூக்க முடியும்ல," என்று தமிழிலேயே சொன்னாள், பக்கத்து சீட்டுக்காரிக்கும் கேட்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் அட்டையில், திருநகர் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை கரண்ட் இல்லை என்று எழுதினாள். அதற்குக் கீழே திருமங்கலம் என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் விசாரித்துச் சொல்லும்படி என்னிடம் சொன்னாள். நான் அன்று சாயங்காலமே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருமங்கலம் பஸ் கண்டக்டர் ஒருவரிடம், அங்கே கரண்ட் எப்போது போகும் என்று வாய்விட்டுக் கேட்டேன்.