குடும்பத்தோட பாக்கலாமுங்களா?

தியேட்டர் கவுன்ட்டரில் உட்காருகிறவர்களுக்கு டிக்கெட் கொடுப்பது சுலபம், அபிப்பிராயம் கொடுப்பதுதான் கஷ்டம்.

சூலூர் பக்கம் ஒற்றைத் திரை தியேட்டர் எங்களுடையது. இப்போதெல்லாம் டிக்கெட்டைச் செல்போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் வெள்ளிக்கிழமை மதியம் ஆகிவிட்டால் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டுக் கவுன்ட்டர் போன் ஓயாது. செல்போனில் டிக்கெட் கிடைக்கும், தைரியம் கிடைக்காதே. தணிக்கைச் சான்றிதழ் போஸ்டரிலேயே இருக்கிறது என்று சொன்னால், "அதக் குடுத்தவங்களுக்கு எங்க ஊட்டப் பத்தி என்னங்க தெரியும்? நீங்க சொல்லுங்க" என்பார்கள். மாமனார், மாமியார், வயசுப்பெண் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்து, அடுத்து திரையில் என்ன வரப்போகிறதோ என்று நெளிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

தலையைப் பார்த்துச் சொல்வது

புதுப்படத்தின் காலைக்காட்சிக்குக் கடைசி வரிசையில் கதவோரம் போய் உட்காருவேன். படத்தைப் பார்ப்பது கொஞ்சம்தான். முன்னால் இருக்கும் தலைகளைத்தான் பார்ப்பேன். திரையின் நீல வெளிச்சமும் மஞ்சள் வெளிச்சமும் அந்தத் தலைகள் மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். வெளியே வெயில் கொளுத்துகிறது என்பதே மறந்துபோகும். பாதி விழிப்பும் பாதித் தூக்கமுமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும்.

ஏடாகூடமான காட்சி வந்தால் முதலில் அப்பாக்கள் எழுவார்கள், பாப்கார்ன் வாங்க. அம்மாக்கள் கைப்பைக்குள் எதையோ தேடுவார்கள். பிள்ளைகள் தங்கள் செருப்பை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பார்கள். எந்தத் தலையும் அசையாமல் இருந்தால் அது குடும்பப் படம். இதுதான் என் அளவுகோல். ஒரு முறை அப்பாக்கள் வரிசை கட்டி வெளியே போனதைப் பார்த்துவிட்டு, கேன்டீன் பக்கம் போய் வியாபாரம் எப்படி என்று துரைசாமியிடம் கேட்டேன். அவர் காலித் தட்டைக் காட்டினார்.

"அக்கோவ், இன்னும் ரெண்டு சீனு வெச்சிருந்தாங்கன்னா எனக்குப் பப்ஸ் பத்தாமப் போயிருக்குமுங்க!"

வெட்டு குத்து பரவாயில்லை

ஒரு அம்மா போன் செய்தார். ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், மொத்தக் குடும்பமும் கிளம்புகிறது, படம் எப்படி என்று கேட்டார். அது அடிதடிப் படம். கதாநாயகன் கையில் எது கிடைத்தாலும் அதில் ஒருவனைச் சாய்த்துவிடுவான். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கை போகும், கால் போகும், இடைவேளைக்கு முன்னால் ஒரு தலையும் போகும்.

அதெல்லாம் இருக்கட்டும், முத்தம் இருக்கிறதா என்றார் அவர். ஒன்றே ஒன்று, அதுவும் தூரத்தில், மழைக்குள் என்றேன். அப்படியென்றால் யோசிக்கணுமே என்று இழுத்தார். தலை போவதைப் பொறுத்துக்கொள்கிற நீங்கள் இதற்கு யோசிக்கிறீர்களே என்று கேட்டேவிட்டேன்.

"வெட்டுறப்ப கண்ண மூடுனா பயந்துட்டோம்னு உட்டுருவாங்கம்மணி. இதுக்குக் கண்ண மூடுனா, என்னத்தப் பாத்துட்டு மூடுனேன்னு ஊடு போற வரைக்கும் மாமியா கேப்பாங்களே!"

சரவணன் கேட்ட படம்

வெள்ளி தவறாமல் போன் செய்கிறவர்களில் சரவணன் ஒருவர். விசைத்தறி வைத்திருக்கிறார். பின்னால் தறிச் சத்தம் கேட்கும்போதே அவர்தான் என்று தெரிந்துவிடும். அவர் முத்தம், ரத்தம் எதையும் கேட்கமாட்டார். "அக்கா, இதுல லவ் மேரேஜ் வருதுங்களா?" என்பது ஒன்றுதான் அவர் கேள்வி. வருகிறது என்றால், "சரீங்கக்கா" என்று வைத்துவிடுவார். ரொம்பக் கட்டுப்பெட்டியான ஆள் போலிருக்கிறது என்று நானும் மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் நேரில் வந்தார். அவர் தங்கை மலர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த பையனைக் கல்யாணம் செய்துகொண்டாளாம். வேற ஆளுங்க. அன்றோடு அப்பா அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டில் அவள் பேரை எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். பேத்தி பிறந்து நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள், இன்னும் அவர் முகம் பார்க்கவில்லை. ஆனால் அப்பாவுக்குச் சினிமா என்றால் உயிர். அதனால் சரவணன் ஒரு யோசனை வைத்திருந்தார். ஒரே வரிசையில் இரண்டு குடும்பத்துக்கும் சீட்டுப் போட வேண்டும். மலர் விளக்கு அணைந்த பிறகு தற்செயலாக வருவதுபோல வந்து உட்கார வேண்டும். படத்தில் மட்டும் ஓடிப்போகிற கதை வந்துவிடக்கூடாது. வந்தால் இருப்பதும் கெட்டுவிடும்.

எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்பா கோபத்தில் பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஊடுன்னா எந்திரிச்சுப் போயிருவாருங்க. இங்க நட்டநடு வரிசைல உக்கார வெச்சுப்போட்டா, அத்தன பேரு முழங்காலத் தாண்டிப் போக எங்கப்பா கூச்சப்படுவாருங்கக்கா."

காதல் இல்லாத படம்

அன்றிலிருந்து இருட்டுக்குள் நான் தலைகளை விட்டுவிட்டுக் காதலைத் தேட ஆரம்பித்தேன். தமிழ்ப் படத்தில் காதல் இல்லாத படம் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. போலீஸ் படம் வந்தது, இன்ஸ்பெக்டருக்குப் பழைய காதல் ஒன்று இருந்தது. விவசாயப் படம் வந்தது, வரப்பில் நடந்தவன் எதிரே வந்தவளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். பேய்ப் படமாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அந்தப் பேயே காதலித்துச் செத்த பேய்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினால் எனக்கே ஒரு படம் ஓடும். அதில் யாரும் யாரையும் காதலிக்கமாட்டார்கள். ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் சாப்பிட உட்காருவார். மகள் ரசம் ஊற்றுவாள். போதும் என்பார். அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றுவாள். அவ்வளவுதான் கதை. ஒவ்வொரு ஊராகத் தறிச் சத்தம் ஜன்னலுக்குள் வந்து வந்து போகும், அந்தப் படம் மட்டும் முடியாது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி நடந்து வந்த நாட்களும் உண்டு.

கடைசியில் சாமி படம் ஒன்று வந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். இடைவேளை முடிந்ததும் சாமி வேஷத்தை மாற்றிக்கொண்டு தினைப்புனத்துக்குக் கிளம்பிவிட்டார். சரவணனுக்கு நானே போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சாமியாச்சும் பொண்ணு ஊட்டுல ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போயிருக்கலாமுங்களேக்கா."

யானைக்குட்டி வந்தது

அப்புறம் அந்தப் படம் வந்தது. வால்பாறை எஸ்டேட்டில் எடுத்தது. கூட்டத்தை விட்டு வழிதவறி வந்த ஒரு யானைக்குட்டி தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு சின்னப் பெண் அதற்குப் பால் கொடுக்கிறாள். வனத்துறைக்காரர் ஒருவர் அதைக் குளிப்பாட்டுகிறார். தேயிலைச் சரிவுகளில் பனி இறங்குகிறது, குட்டி அதற்குள் போகிறது, வருகிறது. அந்தப் பெண்ணுக்குக் காதலிக்கிற வயசில்லை. வனத்துறைக்காரருக்கு அந்த வயசு தாண்டிவிட்டது. தியேட்டரில் ஒரு தலையும் அசையவில்லை. நான் கதவோரம் உட்கார்ந்து, எந்தக் கவலையும் இல்லாமல் அந்தப் பனிக்குள் போய்விட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. படம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போதே அடுத்த காட்சிக்குக் கவுன்ட்டர் திறந்தாக வேண்டும். அதனால் எந்தப் படத்துக்கும் எனக்கு முடிவு தெரியாது. குட்டியை லாரியில் ஏற்றிக் காட்டுக்குள் கொண்டுபோகிறார்கள், தூரத்தில் யானைக் கூட்டம் தெரிகிறது. அதோடு எழுந்து வந்தேன். அப்புறம் என்ன, அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருக்கும். நானே மனசுக்குள் சேர்த்துவைத்துவிட்டு, தைரியமாகக் கூட்டி வாருங்கள் என்று சரவணனுக்குச் சொல்லிவிட்டேன். தறிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் உயர்ந்தது.

"ஞாயித்துக்கெழம வாரோமுங்கக்கா! எங்கப்பாவுக்கு மட்டும் நல்லா நட்டநடுவுல போட்டுக் குடுங்க!"

நடு வரிசை

ஞாயிறு மதியம் வந்தார்கள். குழந்தை குட்டிகளோடு கூட்டம் சேர்ந்ததும் அன்றுதான். அப்பா நெட்டையான மனிதர், வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. போஸ்டரில் இருந்த யானையை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். விளக்கு அணைந்த பிறகு மலர் வந்தாள். கையில் குழந்தை, பின்னால் கணவன். டிக்கெட்டை நீட்டியவள் உள்ளே போகாமல் கதவையே பார்த்தாள். பயப்படாதே கண்ணு, நல்ல படம் என்றேன்.

இடைவேளையில் விளக்கு எரிந்ததும் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அப்பா மகளைப் பார்த்துவிட்டார். முகம் இறுகிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு வரிசை முழங்கால், அந்தப் பக்கம் ஒரு வரிசை முழங்கால். நகைக்கடை விளம்பரத்தைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எழவில்லை. எனக்கு உயிர் வந்தது.

கவுன்ட்டருக்குத் திரும்பி ரொம்ப நேரம் கழித்து, அன்றுதான் கடைசிக் காட்சியை எட்டிப் பார்த்த துரைசாமி ஓடி வந்தார். "அக்கா, முடிவு பாத்தீங்களா இல்லீங்களா? குட்டியக் கூட்டத்துல சேத்திக்கலீங்க. மனுச வாட அடிக்குதுன்னு பெத்த தாயே மோந்து பாத்துத் தள்ளி உட்டுட்டுப் போகுதுங்க!"

லவ் மேரேஜ் வரக்கூடாது என்று மாதக்கணக்கில் வடிகட்டி, கடைசியில் இதையா அந்த வரிசைக்கு முன்னால் ஓட்டினேன்? உள்ளே குழந்தைகள் அழும் சத்தம் கேட்டது. கதவுகள் திறந்தன. வெளியே வந்த தாய்மார்கள் என்னைப் பார்த்த பார்வையில் நான் கம்பிக்குப் பின்னால் சுருங்கிப்போனேன்.

எல்லோரும் போன பிறகு சரவணனின் அப்பா வந்தார். தோளில் பேத்தி. இருட்டில் அழுகை தாங்காமல் எழுந்த குழந்தை பக்கத்தில் கிடைத்த மடியில் ஏறிவிட்டதாகச் சரவணன் அப்புறம் சொன்னார். பெரியவருடைய துண்டு நனைந்து கிடந்தது. அதில் குழந்தையின் கண்ணீர் எவ்வளவு, அவருடையது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மலரும் அவள் கணவனும் கொஞ்சம் தள்ளி, வெயிலில் கண் கூச நின்றிருந்தார்கள். மகளிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசியிருப்பார் என்று தோன்றவில்லை. நேரே என் கவுன்ட்டருக்கு வந்தார்.

"குடும்பத்தோட பாக்கலாம்னு சொன்னது நீங்கதானுங்களா?" என்றார். தலையை ஆட்டினேன். அவர் குழந்தையின் மூக்கைத் துண்டால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆனால் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"யானைக்கு மூக்கு நீளமுங்கம்மணி, அது மோந்து பாத்துத்தான் சேத்திக்கும். மனுசனுக்கு எதுக்குங்க அத்தாம் பெரிய மூக்கு?"

இப்போதெல்லாம் யாராவது போன் செய்து குடும்பத்தோடு பார்க்கலாமா என்று கேட்டால், முதலில் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான் கேட்க ஆரம்பித்திருப்பதால், ஒரு டிக்கெட் விற்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடுகிறது.